தபால் தராசில் ஒரு துண்டு மீன்

‘நோயாளியின் சிகிச்சை முறை மாறும்போது இந்த உணவுப் பட்டியல் காலாவதியாகும். உணவுப் பிரிவு உடனடியாகப் புதிய பட்டியல் வழங்கும்.’

என் மனைவிக்கு மருத்துவமனையில் கொடுத்த தாளின் அடியில், ஒரு கோட்டுக்குக் கீழே, பொடி எழுத்தில் இந்த இரண்டு வாக்கியங்களும் அச்சாகியிருந்தன. பொதுவாக அந்த இடத்தை யாரும் படிப்பதில்லை. நான் படித்தேன். அரசு அலுவலகம் ஒன்றில் முப்பத்து நான்கு வருடம் பணி விதிகளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கண்காணிப்பாளராக ஓய்வுபெற்றவன் நான். எந்தத் தாள் கைக்கு வந்தாலும் கோட்டுக்குக் கீழே இருப்பதைத்தான் முதலில் பார்ப்பேன். எழுதியவர்கள் தாங்கள் செய்ய உத்தேசம் இல்லாத காரியங்களை அங்கேதான் போட்டு வைப்பார்கள்.

தாள் எங்கள் வீட்டுக்கு வந்தது 2003-இல். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் காலனியில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். என் மனைவி தொடக்கப் பள்ளி ஆசிரியை. உடம்பு காரணமாக எனக்கு முன்பே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவள். பல வருட ரத்தக் கொதிப்பு அவளுடைய சிறுநீரகங்களைப் பாதிக்கு மேல் கெடுத்திருந்தது. மீதி இருப்பதை எவ்வளவு நாள் இழுத்துப் பிடிக்க முடியுமோ அவ்வளவு நாள் பிடிக்க வேண்டும், அதற்குப் புரதத்தைக் குறைக்க வேண்டும் என்றார்கள்.

அப்போது உணவுப் பிரிவில் ஒரு பெண் இருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். அவரைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. எதிரில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார்: “புரதம் உள்ள போனா கழிவு வரும் சார். அந்தக் கழிவை வெளிய தள்ள இவங்க கிட்னியால முடியல. அதனால பருப்பு, பால், மீன் எல்லாம் அளவு. ஆனா உடம்புக்குச் சூடு வேணுமில்லையா, அது எண்ணெய்லயும் நெய்லயும் வரணும். பருப்பு குறையற இடத்துல கொழுப்பு கூடணும். ரெண்டும் சேர்ந்து குறைஞ்சா உடம்பு தன்னோட சதையவே எடுத்துத் தின்ன ஆரம்பிச்சுடும்.”

இது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு பக்கம் குறைத்தால் இன்னொரு பக்கம் கூட்டிச் சமன்செய்யும் வேலையைத்தான் நான் வாழ்நாள் முழுவதும் செய்திருக்கிறேன். துவரம்பருப்பு ஒரு நாளைக்கு இருபது கிராம். பால் ஒரு தம்ளர். மீன் வாரத்துக்கு இரண்டு நாள், முப்பது கிராம் துண்டு ஒன்று. முட்டை, சுண்டல், கடலை கிடையாது. நெய்யும் நல்லெண்ணெயும் சேர்த்து ஆறு தேக்கரண்டி.

முப்பது கிராமை எதில் நிறுப்பது? வீட்டில் ஒரு தபால் தராசு இருந்தது. கடிதத்துக்கு எவ்வளவுக்குத் தபால்தலை ஒட்ட வேண்டும் என்று பார்க்கப் பாரிமுனையில் வாங்கியது. அலுவலகச் சொத்து அல்ல, ரசீது வைத்திருக்கிறேன். அதன் தகடு ஒரு உள்ளங்கை அகலம்தான். வாழை இலைத் துண்டு போட்டு அதன்மேல் மீனை வைத்தால் சரியாக இருந்தது. இலையின் எடையை முதலில் கழித்துக்கொள்வேன்.

எங்கள் தெருவுக்குப் புதனும் ஞாயிறும் ஒரு மீன்காரப் பெண் வருவாள். கடற்கரைக் குப்பத்திலிருந்து அலுமினிய அன்னக்கூடையோடு ஷேர் ஆட்டோவில் சந்திப்பு வரைக்கும் வந்து, அங்கிருந்து தலைச்சுமையாக நடப்பவள். என் மனைவிக்கும் அவளுக்கும் பதினைந்து வருடப் பழக்கம். மனைவி கேட்டுக்கு வெளியே வந்து கூடைக்கு எதிரில் குந்தி உட்கார்ந்துகொள்வாள். ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். அரை மணி நேரம் போகும். இரண்டு சங்கரா வாங்க இத்தனை பரிசோதனையா என்று நான் வாசலில் நின்று கேட்டதுண்டு. அவளுக்கு அது மீன் வாங்குவது மட்டும் அல்ல என்று எனக்குத் தெரியும். வாரத்தில் இரண்டு தடவை அவள் யாரோடாவது உட்கார்ந்து சிரித்துப் பேசியது அங்கேதான்.

தராசு வாசலுக்கு வந்த முதல் புதன்கிழமை மீன்காரி அதை எட்டிப் பார்த்தாள்.

“இன்னா சார் இது, மோதிரம் எடை போடற மெசினா?”

“தபால் தராசு.”

“மீனுக்கு ஸ்டாம்பு ஒட்டி எங்க சார் அனுப்பப் போற?”

என் மனைவி குந்தியபடியே சிரித்து, சிரித்த வேகத்தில் கூடையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அப்போதெல்லாம் கையை எதிலும் ஊன்றாமல் எழுந்துவிடுவாள்.

பட்டியல் வேலை செய்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தப் பரிசோதனை. ரத்தத்தில் கழிவைக் காட்டும் எண்கள் பயந்த வேகத்தில் ஏறவில்லை. ‘நல்லா ஃபாலோ பண்றீங்க சார்’ என்று அந்த உணவுப் பிரிவுப் பெண் என்னைப் பாராட்டினார். என்னுடைய பணிக்காலத்தில் மேலதிகாரி எவரும் அப்படிச் சொன்னதில்லை. நான் இன்னும் கறாராக ஆனேன். கல்யாண வீட்டுப் பந்தியில் அவள் இலையிலிருந்து பருப்பு வடையை எடுத்து என் இலையில் வைத்துக்கொள்வேன். வீட்டில் புதன்கிழமை குழம்பில் அவளுக்கு ஒரு சின்னத் துண்டு, எனக்கு மூன்று பெரிய துண்டு. பட்டியலில் இருந்தது அவள் பெயர். என் பெயர் இல்லை.

2005 ஜூன் மாதம் சிறுநீரகங்கள் நின்றன. வாரம் இரண்டு தடவை, திங்களும் வியாழனும், டயாலிசிஸ் என்று முடிவானது. வேளச்சேரி சாலையில் ஆட்டோவில் போவோம். பள்ளிக்கரணையைத் தாண்டும்போது அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். சதுப்பில் நிற்கும் பறவைகளைப் பார்ப்பதற்காகக் கண்ணை மட்டும் திறந்து வைத்திருப்பாள். நாலு மணி நேரம் இயந்திரத்தில் கிடந்துவிட்டுத் திரும்பும்போது கண்ணும் மூடியிருக்கும்.

சிகிச்சை முறை மாறியது. கோட்டுக்குக் கீழே உள்ள விதி அமலுக்கு வரவேண்டிய இடம் இதுதான். முதல் வாரமே நான் உணவுப் பிரிவைத் தேடிப் போனேன். பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்த அந்த அறை பூட்டியிருந்தது. பக்கத்து மேசையில் இருந்த எழுத்தர் சொன்னார்: “மேடம் கல்யாணம் ஆகி துபாய் போயிட்டாங்க சார். போஸ்ட் காலியா இருக்கு.”

“பொறுப்பு யாரிடம்?”

“எந்தப் பொறுப்பு சார்?”

“காலி இடம் இருந்தால் ஒருவரிடம் கூடுதல் பொறுப்பு ஒப்படைத்திருக்க வேண்டுமே.”

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “ஆர்.எம்.ஓ-வுக்கு எழுதிக் குடுங்க சார்” என்று நிலைய மருத்துவ அதிகாரியைச் சொன்னார். என்னைப் பார்த்து எழுதிக் கொடுக்கச் சொல்வது ஆட்டைப் பார்த்து இலை தின்னச் சொல்வது போல.

சிறுநீரக மருத்துவர் வாரம் ஒரு முறை சுற்றி வருவார். அவரிடமும் கேட்டேன். “நல்லா சாப்பிடச் சொல்லுங்க சார். வீக்கா இருக்காங்க” என்றார்.

“பழைய பட்டியல்படியா டாக்டர்?”

“டயட் செக்‌ஷன்ல கேட்டுக்குங்க.”

“அங்கே யாரும் இல்லை.”

“வந்துடுவாங்க.” அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

‘நல்லா சாப்பிடுங்க’ என்பதை நான் ஆணையாக எடுத்துக்கொள்ளவில்லை. அதில் பொருளும் இல்லை, அளவும் இல்லை, கையொப்பமும் இல்லை. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கும் அதைத்தான் சொல்கிறோம். அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது, ஆனால் எல்லாப் பிரிவிலும் செல்லும். ஓர் ஆணை காலாவதியாகி, அடுத்தது வரவில்லை என்றால், வரும் வரைக்கும் பழையதையே தொடர்வது. கோப்பின் ஓரத்தில் ‘ஆணை எதிர்நோக்கி’ என்று பென்சிலால் எழுதிவிட்டால் போதும். அப்படித் தொடர்ந்ததற்காக யாரும் தண்டிக்கப்பட்டதில்லை. தொடராமல் விட்டதற்காகத் தண்டிக்கப்பட்டவர்களை எனக்குத் தெரியும்.

சமையலறைக் கதவில் ஒட்டியிருந்த பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் அதையே எழுதினேன். ஜூலை மாதம் மருத்துவமனைக்கு முதல் கடிதம் போட்டேன், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில். பொருள், பார்வை, வேண்டுகோள், இணைப்பு எல்லாம் முறையாக இருந்தது. ஒப்புகை அட்டை ஐந்தாம் நாள் முத்திரையோடு திரும்பி வந்தது. கடிதம் சேர்ந்துவிட்டது, ஆகவே விஷயம் பரிசீலனையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன்.

டயாலிசிஸ் அறையில் பக்கத்துக் கட்டிலில் இரும்புலியூர்க்காரர் ஒருவர் படுப்பார். அவருடைய மனைவி எவர்சில்வர் டப்பாவில் வேகவைத்த முட்டைகளைக் கொண்டுவந்து, உரித்து, மஞ்சளை எடுத்துவிட்டு வெள்ளையை மட்டும் ஊட்டுவாள். இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அவர் மூன்று வெள்ளையைத் தின்பார். என் மனைவி அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். அவளுக்கு நான் கொண்டுபோனது நெய் ஊற்றிய ஜவ்வரிசி உப்புமா.

ஒருநாள் திரும்பும் வழியில் ஆட்டோவில் கேட்டாள். “அவர் முட்டை சாப்பிடறாரே, பாத்தீங்களா?”

“அவருக்கு என்ன பட்டியலோ.”

“ரெண்டு பேருக்கும் ஒரே மிஷின்தானே.”

“மிஷின் ஒண்ணுன்னா ஆர்டர் ஒண்ணா ஆயிடுமா?”

சந்திப்பில் இறங்கும்போது, “எனக்கு ஒரு முட்டைக்கு லெட்டர் போடணும். மிஞ்சிப்போனா ரிமைண்டர் போடணும்” என்று மட்டும் சொன்னாள். சரியாகச் சொன்னாள். அந்த வாரம்தான் முதல் நினைவூட்டு போட்டேன்.

எடையை நான் விடாமல் கவனித்துவந்தேன். ஒவ்வொரு டயாலிசிசுக்கும் முன்னும் பின்னும் நிற்கவைத்து எடை பார்ப்பார்கள்; நான் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வேன். எடை குறையவே இல்லை. ஆகவே புரதமும் கொழுப்பும் சமநிலையில் இருக்கின்றன என்று எனக்கு நானே சான்றளித்துக்கொண்டேன். ஆனால் ஆகஸ்டில் அவள் ரவிக்கைகளை என்னிடம் கொடுத்து, கையைப் பிடித்துத் தைத்து வாங்கிவரச் சொன்னாள். அக்டோபரில் மறுபடியும் பிடிக்கச் சொன்னாள். காலில் மட்டும் கொலுசு இறுகி, கழற்றி வைத்துவிட்டாள். மேலே சதை போய்க்கொண்டிருந்தது. கீழே நீர் ஏறிக்கொண்டிருந்தது. எடை இயந்திரம் இரண்டையும் கூட்டிச் சொன்னது. தையல்காரரிடம் ரவிக்கைகளைக் கொண்டுபோய்க் கொடுத்ததும் வாங்கிவந்ததும் நான்தான்.

மீன்காரி அதை எடை போடாமலே கண்டுபிடித்தாள். செப்டம்பர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி மீனைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கும்போது ஒரு கையை கேட்டின் மேலும் இன்னொரு கையை மீன்காரியின் தோளின் மேலும் வைத்தாள். உள்ளே போன பிறகு மீன்காரி என்னைக் கூப்பிட்டாள்.

“சார், அம்மா எயுந்திருக்க சொல்ல கைய ஊனிகினு எயுந்திரிக்குது. பாத்தியா?”

“உடம்பு சரியில்லைம்மா.”

“அது தெரியும் சார். என் கொயுந்தனாருக்கும் இதே பேஜார்தான். ஜி.எச்.ல வாரத்துக்கு ரெண்டு தபா ரத்தம் கயுவுறாங்க. கயுவ சொல்ல சத்தும் கூடவே பூடுது சார். மின்ன துன்ன கூடாதுன்னாங்க, மெய்தான். கயுவ ஆரம்பிச்சப்பறம் துன்னே ஆவணும்னு சொல்டாங்க. தினிக்கும் முட்டை வெள்ளை மூணு. மீனு ரெண்டு துண்டு. கோயி இருந்தா கோயி. எண்ணெய்ல பொரிக்காத, கொயம்புல போடுன்னாரு அந்த டாக்டரு. நீ இன்னாடான்னா ஸ்டாம்பு தராசுல வெச்சு நிறுத்துகினுகீற.”

“அந்த டாக்டர் இதை எழுதிக் கொடுத்தாரா?”

அவள் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: “எங்க வூட்ல யாருக்கு சார் படிக்கத் தெரியும், எயுதிக் குடுக்க?”

நான் அவளுக்குக் கூடையைத் தூக்கிவிட்டேன். அவள் சொன்னதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளவும் செய்தேன். ஆனால் அதைக் கதவில் ஒட்டவில்லை. இரண்டாவது நினைவூட்டில் ‘டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் புரத அளவு மாறுபடும் என்று வெளியிலிருந்து அறிய நேர்கிறது’ என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியை எழுதி முடித்தபோது எனக்கு அதில் சற்றுத் திருப்தி கூட இருந்தது. அன்று மதியம் அவளுக்கு இருபது கிராம் பருப்பும் ஒரு கரண்டி நெய்யும்.

பிறகு மழை. அந்த வருட மழையைத் தாம்பரம் பக்கம் இருந்தவர்களுக்கு விவரிக்கத் தேவையில்லை. இரண்டு டயாலிசிஸ் தவறிப்போனது. ஆட்டோ வராது, தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். மீன்காரியும் மூன்று வாரம் வரவில்லை. டிசம்பரில் தெரு காய்ந்து, சேறு ஓரமாக ஒதுங்கி, ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு அவளுடைய குரல் கேட்டது.

என் மனைவி என்னை முந்திக்கொண்டு போனாள். நான் தராசை எடுக்க உள்ளே போயிருந்தேன். வெளியே அவர்கள் பேசுவது கேட்டது.

“இன்னாம்மா, ஆளே பாதியாப் பூட்ட.”

“பாதிதான் மழைல போச்சு. மீதி இவர் தராசுல இருக்கு.”

“நெத்திலி பாரும்மா, சோக்காகீது. இப்பதான் வலையிலேர்ந்து வந்துச்சு.”

“பார்க்கறதுக்கு ஒண்ணும் தடை இல்ல, காட்டு.”

குந்தி உட்கார்ந்து பார்த்தாள். கைநிறைய நெத்திலியை அள்ளி முகர்ந்ததாக மீன்காரி பிறகு சொன்னாள். எழுந்திருக்கப் போனபோது தொடை தூக்கவில்லை. கேட்டைப் பிடித்தாள், கேட் தாழிடாமல் இருந்தது, உள்பக்கமாகத் திறந்துகொண்டது. படியின் விளிம்பில் இடுப்பு பட விழுந்தாள். நான் தராசோடு வாசலுக்கு வந்தபோது மீன்காரி அவளைத் தன் மடியில் தாங்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். சிமென்ட் தரை முழுக்க நெத்திலி.

“அந்த எயவக் கீய வெச்சுட்டு ஆட்டோ கூப்புடு சார்” என்றாள்.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. எலும்பு மருத்துவர் இளைஞர். ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“ஆல்புமின், ரத்தத்துல இருக்கற புரதம், ரொம்பக் கம்மியா இருக்கு சார். ஆபரேஷன் பண்ணாலும் புண் ஆறணுமே. வீட்ல என்ன சாப்பிடக் குடுக்கறீங்க?”

நான் கோப்பைக் கொடுத்தேன். பட்டியல், எடை நோட்டு, கடித நகல்கள், ஒப்புகை அட்டைகள் எல்லாம் தேதி வரிசையில் நூலால் கோத்திருந்தது. அவர் பட்டியலைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

“இது டயாலிசிஸ்க்கு முன்னாடி குடுக்கறது சார். டயாலிசிஸ்ல புரதம் வெளிய போகும். இப்ப இதுக்கு நேர் எதிரா குடுத்திருக்கணும். ஆறு மாசமா இதையேவா குடுத்தீங்க?”

“புதியது கேட்டு மூன்று கடிதம் எழுதியிருக்கிறேன். அதில் இருக்கிறது.”

அவர் புரட்டினார். கேலியாகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொன்னார்: “லெட்டர் நல்லா எழுதியிருக்கீங்க சார்.”

அந்தப் பாராட்டை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் அவரை எழுதித் தரச் சொன்னேன். ‘புரதம் அதிகம், எண்ணெய் குறைவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த நான்கு வார்த்தைகளை அவர் எழுத எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நிமிடம்கூட இல்லை.

அறுவை செய்தார்கள். தையல் ஆறுவதற்கு மற்றவர்களைப் போல மூன்று பங்கு நாள் ஆயிற்று. நான் ஒரு நாளைக்கு மூன்று முட்டை வேகவைத்தேன். வெள்ளை அவளுக்கு. மஞ்சளை என்ன செய்வது? பொருளை வீணாக்கிப் பழக்கமில்லை, நானே தின்றேன். நெய்யும் அவளுக்குக் குறைந்துவிட்டதால் வாங்கிவைத்த டப்பா என் பக்கம் வந்தது. ஐந்து மாதம் கழித்து எனக்குக் கொழுப்பு ஏறிவிட்டது என்று காலனி மருத்துவர் சொன்னார். புரதம் அவளுக்கும் கொழுப்பு எனக்குமாக, ஒரே வீட்டில் ஒருவழியாகச் சமநிலை ஏற்பட்டது. அவர் எனக்கும் ஒரு பட்டியல் கொடுத்தார். அதன் அடியில் கோடு இல்லை. கீழே எதுவும் எழுதியிருக்கவும் இல்லை. எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

காலையில் காலனிப் பூங்காவைச் சுற்றும் ஓய்வுபெற்றவர்கள் எல்லாம் இதைத்தான் பேசுகிறார்கள். கடலை எண்ணெயா சூரியகாந்தியா, ராத்திரி சப்பாத்தியா கஞ்சியா. ஒருவர் தோசைக்கு எண்ணெயே விடுவதில்லை. பிறகு பேக்கரியில் நின்று பஃப்ஸ் தின்பார். மற்றவர் முளைகட்டிய பயறை எண்ணித் தின்கிறார். அவர்கள் என்னிடம் கணக்குக் கேட்பார்கள், நான் விவரம் தெரிந்தவன் என்று. முன்பெல்லாம் சொல்வேன். அந்த டிசம்பருக்குப் பிறகு எதிர்த்திசையில் சுற்ற ஆரம்பித்தேன்.

சதை கொஞ்சம் திரும்பி வந்தது. ரவிக்கைகளைப் பிரித்துத் தைத்தோம், ஒரு தையல் மட்டும். மே மாதம் நான்கு கால் தாங்கியைப் பிடித்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்தாள். தொடையில் போன பலம் போனதுதான். குந்த முடியாது, குந்தினால் எழ முடியாது. இனி முடியும் என்று யாரும் சொல்லவும் இல்லை. இதைப் பற்றி அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் அந்தத் தபால் தராசு சமையலறை மேடையில் இல்லை. தேடினேன். என் மேசையில், கோப்பின் மேல், காகிதம் பறக்காமல் இருக்க வைத்தது போல வைத்திருந்தாள். அதன் தகட்டில் இன்னும் மீன் வாசனை இருந்தது.

மீன்காரிதான் வழி கண்டாள். எங்கள் வீட்டு பிளாஸ்டிக் ஸ்டூலை வாங்கி கேட்டுக்கு வெளியே போட்டு, அதன்மேல் கூடையை வைத்தாள். என் மனைவி நின்றபடியே ஒரு கையால் தாங்கியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் செவுளைத் தூக்கிப் பார்ப்பாள். மீன்காரியும் அவளுக்கு எதிரில் நின்றுகொண்டிருப்பாள். காலையிலிருந்து தலையில் சுமந்துவந்தவள் உட்கார வேண்டிய நேரம் அது. அவள் உட்காரவில்லை.

அப்படி ஒரு புதன்கிழமை அவர்கள் இருவரும் ஸ்டூலைச் சுற்றி நிற்கும்போது தபால்காரர் ஒரு நீள உறையைக் கொடுத்தார். மருத்துவமனையின் முத்திரை இருந்தது. வாசலிலேயே பிரித்தேன். ‘பார்வையில் காணும் தங்கள் கடிதங்கள் பரிசீலிக்கப்பட்டன. கோரியபடி திருத்திய உணவுப் பட்டியல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. தாமதத்துக்கு வருந்துகிறோம்.’ புதிதாக நியமிக்கப்பட்டவர் கையெழுத்திட்டிருந்தார். என் மூன்று கடிதங்களின் தேதியும் பிழையில்லாமல் குறிப்பிட்டிருந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை.

“என்னங்க அது?” என்றாள் மனைவி.

“பட்டியல். வந்துவிட்டது.”

“படிங்க.”

படித்தேன். முட்டை வெள்ளைக்கரு, தினமும் மூன்று. மீன், இரண்டு துண்டு. கோழி, தோல் நீக்கியது, மீனுக்கு மாற்றாக. பொரிக்காமல் குழம்பில் சேர்க்கவும். எண்ணெய், நெய் குறைக்கவும்.

மீன்காரி செவுளைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினாள். என் மனைவி அவளைப் பார்த்துச் சொன்னாள்: “உன் ஆர்டர் வந்துடுச்சு.”

“இன்னா ஆர்டரும்மா?”

“போன வருசம் இதே இடத்துல நின்னு இவர்கிட்ட சொன்னியே, உள்ளேர்ந்து நானும் கேட்டேனே, அது. இப்பதான் டைப் அடிச்சு முடிச்சிருக்காங்க.”

மீன்காரி என்னைப் பார்க்காமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டு, வேண்டாத ஒரு மீனைப் புரட்டிவைத்தாள். மனைவி என் பக்கம் திரும்பினாள். குரலில் கோபம் இல்லை. வகுப்பில் வீட்டுப்பாடம் முடிக்காத பிள்ளையிடம் கேட்கிற குரல்.

“அப்போ இன்னிக்கிலேர்ந்து நான் சாப்பிடலாமா?”

நான் தாளை மடித்து உறைக்குள் வைத்தேன்.

“போங்க. உள்ள போய் வந்த தேதியப் போட்டுக் கட்டி வையுங்க. பென்சில்ல எழுதினத அழிச்சுடுங்க.” பிறகு மீன்காரியிடம், “அந்த சங்கராவ எடு” என்றாள்.

உள்ளே போனேன். கதவிலிருந்த பழைய பட்டியலின் ஓரத்தில் ‘ஆணை எதிர்நோக்கி’ என்று இருந்ததை ரப்பரால் அழித்தேன். தராசைத் தூக்கிக் கோப்பை எடுத்து, புதிய தாளின் இடது மேல் மூலையில், வரும் கடிதம் எதிலும் எழுதுவது போலச் சிவப்பு மையில் எழுதினேன்: பெறப்பட்ட நாள், 23 ஆகஸ்ட் 2006, புதன்கிழமை.